கிளிக் விகிதம் நன்றாக இருந்தும் விளம்பரம் மேலே ஏறாதது ஏன்?

வரவுசெலவு (கேள்வி):

வணக்கம். சிறு நிறுவனங்களுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றின் தேடல் விளம்பரங்களை ஐந்து மாதங்களாக நான் கவனித்து வருகிறேன். அதற்கு முன் சமூக ஊடக விளம்பரங்களில் மட்டுமே பழக்கம். ஆகவே அடிப்படையையே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனோ என்ற ஐயத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கூகுள் ஆட்ஸ் கணக்கில் "இன்வாய்ஸ் மென்பொருள்" என்ற கீவேர்டின் (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாங்கள் கொடுக்கும் சொல்) கிளிக் விகிதம், அதாவது விளம்பரம் காட்டப்பட்ட நூறு முறையில் கிளிக் விழுந்தது, 6 சதவீதம். மற்ற கீவேர்டுகள் பலவும் 3 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை என்பதால், இதுவே எங்கள் குதிரை என்று நம்பியிருந்தேன். ஆனால் கீவேர்டுக்குக் கூகுள் தரும் தர மதிப்பெண்ணான குவாலிட்டி ஸ்கோரின் விவரத்தைத் திறந்து பார்த்தால், 'எதிர்பார்க்கப்படும் கிளிக் விகிதம்' என்பதற்கு நேரே 'சராசரிக்குக் கீழ்' என்று இருக்கிறது. பெரும்பாலான தேடல்களில் எங்கள் விளம்பரம் பக்கத்தின் அடியில்தான் வருகிறது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஏலத்தொகையை (தேடலின்போது விளம்பர இடத்துக்கு நடக்கும் ஏலத்தில், ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் தருவதாகச் சொல்லும் தொகை) 40 சதவீதம் உயர்த்தினேன். மேலே வரும் நேரங்கள் ஓரளவு கூடின. ஆனால் கிளிக் விகிதம் 6இலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. மேலே போனால் கிளிக் கூடும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?

கிளிக் விகிதம் உயர்ந்தால் இடம் உயருமா, இடம் உயர்ந்தால் கிளிக் விகிதம் உயருமா, இரண்டும் உண்மையென்றால் கீழே கிடக்கும் விளம்பரம் எப்படித்தான் மேலேறும் என்பது என் முதற்கேள்வி. கிளிக் விகிதம் உயர்ந்தால் ஒரு கிளிக்குக்கு நாங்கள் செலுத்தும் தொகை குறையும் என்று சொல்வது எந்த அளவு சரி என்பது அடுத்தது. மூன்றாவதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அலுவலகத்தில் உள்ள பத்துப் பேரும் நாள்தோறும் நம் விளம்பரத்தைத் தேடிக் கிளிக் செய்தால் என்ன என்று எங்கள் மேலாளர் கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஏலக்கணக்கு:

நல்ல கேள்வி. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அது புரிந்தால் முதலாவது பாதி தெளிந்துவிடும்.

தேடுபொறிக்கு விளம்பரத்தைக் காட்டுவதால் மட்டும் வருமானம் இல்லை. யாராவது கிளிக் செய்தால்தான் காசு. ஆகவே அது விற்பது கிளிக்கை என்றாலும், அது கணக்குப் பார்ப்பது ஒவ்வொரு முறை காட்டும்போதும் தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான். ஏலத்தொகையைக் கிளிக் வாய்ப்பால் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். 1998இல் பில் கிராஸ் தொடங்கிய கோட்டூ.காம் என்ற தேடல் தளம் இந்தப் பெருக்கலைச் செய்யவில்லை. அங்கே அதிகத் தொகை சொன்னவருக்கு முதலிடம், அவ்வளவுதான். யாருமே தொடாத விளம்பரம் பெரிய தொகையைச் சொல்லி உச்சியில் உட்கார்ந்துகொண்டால், தேடுபவருக்கும் பயனில்லை, பொறிக்கும் வருமானமில்லை. (இந்நிறுவனமே பிறகு ஓவர்ச்சர் என்று பெயர் மாறி, 2003இல் யாஹூவின் கைக்குப் போனது.) கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸைத் (இன்றைய கூகுள் ஆட்ஸ்) தொடங்கியபோது காட்சிக் கணக்கில், அதாவது விளம்பரத்தை எத்தனை முறை காட்டியது என்பதை வைத்துத்தான் கட்டணம் வாங்கியது. 2002 பிப்ரவரியில்தான் கிளிக்குக்குக் கட்டணம் என்று மாற்றி, தொகையோடு கிளிக் விகிதத்தையும் பெருக்கி வரிசைப்படுத்தியது. யாஹூ அந்த வழிக்கு வர 2007 ஆயிற்று. நீங்கள் கேட்கும் கேள்வியின் வேர் அந்த ஒரு பெருக்கலில் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். மூன்று விளம்பரதாரர்கள். 'அ' ஒரு கிளிக்குக்கு 6 அலகு தரத் தயார். அவர் விளம்பரத்தின் கிளிக் வாய்ப்பு 2 சதவீதம். 'ஆ' 4 அலகு, 5 சதவீதம். 'இ' 3 அலகு, 6 சதவீதம். பெருக்கினால் அ 0.12, ஆ 0.20, இ 0.18. ஆகவே வரிசை ஆ, இ, அ. அதிகத் தொகை சொன்னவர் கடைசியில் நிற்கிறார்.

செலுத்தும் தொகையோ, அவரவர் சொன்ன தொகை அன்று. தமக்குக் கீழே இருப்பவரை விஞ்சத் தேவையான தொகை மட்டுமே. 'ஆ' தம் இடத்தைக் காக்க 0.18ஐ எட்டினால் போதும். அதை அவருடைய 5 சதவீதத்தால் வகுத்தால் 3.60 அலகு. 'இ' 0.12ஐ எட்ட வேண்டும்; 6 சதவீதத்தால் வகுத்தால் 2 அலகு. காட்டப்படுவதற்கே தேவையான குறைந்தபட்ச வரம்பு 0.06 என்று வைத்துக்கொண்டால், கடைசியில் நிற்கும் 'அ' 3 அலகு செலுத்துகிறார். கவனியுங்கள், கீழே இருப்பவர் தமக்கு மேலே இருப்பவரைவிட ஒரு கிளிக்குக்கு அதிகம் தருகிறார். குறைந்த கிளிக் விகிதத்துக்குக் கட்டும் அபராதம் என்று இதைச் சொல்லலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 'இ' தம் விளம்பரத்தைத் திருத்தி எழுதுகிறார். கிளிக் வாய்ப்பு 6இலிருந்து 7 சதவீதமாகிறது. கட்டணம் குறைய வேண்டுமல்லவா? அவர் இரண்டாமிடத்திலேயே இருந்திருந்தால் 0.12ஐ 7 சதவீதத்தால் வகுத்து 1.71 அலகுதான் கட்டியிருப்பார். ஆனால் இப்போது அவருடைய பெருக்கற்பலன் 0.21, 'ஆ'வின் 0.20ஐத் தாண்டி முதலிடத்துக்குப் போய்விடுகிறார். அங்கே அவர் விஞ்ச வேண்டியது 0.20. அதை 7 சதவீதத்தால் வகுத்தால் ஏறக்குறைய 2.86 அலகு. கிளிக் விகிதம் உயர்ந்தது, இடமும் உயர்ந்தது, ஒரு கிளிக்கின் விலையும் உயர்ந்தது. 'கிளிக் விகிதம் கூடினால் விலை குறையும்' என்ற வாக்கியம் 'அதே இடத்தில் இருக்கும்வரை' என்ற நிபந்தனையோடு மட்டுமே உண்மை. இந்த நிபந்தனையைச் சொல்லாமல் விடுவதால்தான், விளம்பரத்தைச் சீராக்கிய பிறகு செலவு ஏறியதைக் கண்டு பலர் பதறிப்போய்ப் பழைய விளம்பரத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இது எலும்புக்கூடு மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளம்பரங்களை வரிசைப்படுத்தும் இன்றைய ஆட் ரேங்க் மதிப்பு வெறும் பெருக்கல் அன்று. விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, கிளிக் செய்தவர் போய்ச் சேரும் பக்கம் எப்படி இருக்கிறது, தேடியவரின் சாதனம், இடம், நேரம், கூடுதல் இணைப்புகள் முதலிய அசெட்டுகளால் என்ன பயன் விளையும் என்பன எல்லாம் ஒவ்வொரு ஏலத்திலும் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. ஆனாலும் சதை எவ்வளவு சேர்ந்தாலும் எலும்பு அதேதான்.

மேல்வரிசை:

மேலே உள்ள கணக்கு சரியானது. அதில் 'கிளிக் வாய்ப்பு' என்று அவர் எழுதியிருக்கும் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு முதற்கேள்விக்கு வருகிறேன். அந்தக் கிளிக் வாய்ப்பும், அறிக்கையில் நீங்கள் பார்க்கும் கிளிக் விகிதமும் ஒன்றல்ல. உங்கள் குழப்பம் முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதில் பிறந்தது என்றே நினைக்கிறேன்.

அறிக்கையில் இருப்பது நடந்து முடிந்த கதை: இத்தனை முறை காட்டினோம், இத்தனை பேர் கிளிக் செய்தார்கள். அதில் உங்கள் விளம்பரத்தின் தகுதியும் கலந்திருக்கிறது, அது நின்ற இடத்தின் செல்வாக்கும் கலந்திருக்கிறது. பக்கத்தின் உச்சியில் எந்தச் சுமாரான விளம்பரத்தை வைத்தாலும் அடியில் வைத்த நல்ல விளம்பரத்தைவிட அதிகக் கிளிக் வாங்கும். அந்த விகிதத்தை அப்படியே எடுத்து ஏலத்தில் பயன்படுத்தினால், ஒருமுறை உச்சிக்குப் போனவரை யாராலும் அசைக்க முடியாது. நீங்கள் கேட்ட 'கீழே கிடப்பது எப்படி மேலேறும்' என்ற கேள்விக்கு விடையே இருக்காது. அதனால்தான் இடத்தின் பங்கைக் கழித்துவிட்டே எதிர்பார்க்கப்படும் கிளிக் விகிதத்தைக் கணிக்கிறார்கள்.

கழிப்பது என்றால் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு குறிப்பிட்ட தேடலில் முதலிடத்தில் நிற்கும் விளம்பரங்கள் வழக்கமாக 10 சதவீதமும், மூன்றாமிடத்தில் நிற்பவை 2 சதவீதமும் வாங்குகின்றன என்று கொள்வோம். முதலிடத்தில் நின்று 8 சதவீதம் வாங்கும் விளம்பரம் தன் இடத்துக்குரிய அளவில் ஐந்தில் நான்கு பங்குதான் எட்டியிருக்கிறது. மூன்றாமிடத்தில் நின்று 3 சதவீதம் வாங்கும் விளம்பரமோ தன் இடத்துக்குரியதைப்போல் ஒன்றரை மடங்கு வாங்கியிருக்கிறது. அறிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு 8 பெரியது, 3 சிறியது. ஏலத்தின் கண்ணுக்கு அது தலைகீழ். கீழே கிடக்கும் விளம்பரம் மேலேறும் வழி இதுதான்: உச்சியில் இருப்பவரின் எண்ணை எட்ட வேண்டியதில்லை, தான் நிற்கும் இடத்தில் வழக்கமாக விழுவதைவிட அதிகக் கிளிக் வாங்கினால் போதும்.

இப்போது உங்கள் 6 சதவீதத்துக்கு வருவோம். 'சராசரிக்குக் கீழ்' என்று சொல்லும்போது கூகுள் அதை உங்கள் மற்ற கீவேர்டுகளோடு ஒப்பிடுவதில்லை. கடந்த 90 நாட்களில் அதே தேடலுக்குத் தோன்றிய மற்ற விளம்பரதாரர்களோடு ஒப்பிடுகிறது. இன்வாய்ஸ் மென்பொருளைத் தேடுபவர் வாங்கும் எண்ணத்தோடு வருபவர். அந்தத் தேடலில் எல்லாருக்குமே நல்ல கிளிக் விழும். அங்கே 6 சாதாரணத்துக்கும் குறைவாக இருக்கலாம். தகவல் தேடும் பொதுவான சொற்களில் 2 சதவீதம்கூட வகுப்பில் முதல் மதிப்பெண்ணாக இருக்கலாம். கீவேர்டுக்குக் கீவேர்டு கிளிக் விகிதத்தை ஒப்பிட்டு 'எங்கள் குதிரை' என்று முடிவு செய்வது, வேறுவேறு தேர்வுகளில் வாங்கிய மதிப்பெண்களை ஒரே தாளில் வரிசைப்படுத்துவது போன்றது.

1 முதல் 10 வரை காட்டப்படும் குவாலிட்டி ஸ்கோர் எண்ணே ஏலத்துக்குள் நுழைவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அது ஒரு வெப்பமானி போல, எங்கே கோளாறு என்று காட்டும். ஏலத்துக்கான கணிப்பு அந்தந்தத் தேடலின்போது தனியாக நடக்கிறது. 5ஐ 7ஆக்க வேண்டும் என்று இலக்கு வைத்துக்கொண்டு உழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெப்பமானியைத் தேய்த்தால் காய்ச்சல் குறையாது.

'இடம்' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. 2016 பிப்ரவரியில் கணினித் திரையின் வலப்பக்க விளம்பரங்களை எடுத்துவிட்டு, மேலே நான்கு வரை காட்டலாம் என்று மாற்றினார்கள். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையே பக்கத்தின் முழு நீளம் வந்துவிட்டது. மேலே வருவதற்கென்று தனி வரம்பு இருப்பதால், போட்டியாளர்கள் எல்லாரையும் விஞ்சி வரிசையில் முதலாவதாக இருந்தும், அந்த வரம்பை எட்டாமல் பக்கத்தின் அடியில் தனியாக நிற்பதும் நடக்கும். சராசரி இட எண் இதை மறைத்துவிடுகிறது; 2019 செப்டம்பர் இறுதியில் அதைக் கைவிட்டார்கள். இப்போது நீங்கள் பார்க்க வேண்டியவை, காட்சிகளில் எத்தனை சதவீதம் மேற்பகுதியில், எத்தனை சதவீதம் உச்சியில் முதலாவதாக என்ற இரண்டையும்தான். உங்கள் விளம்பரம் அடியில் நிற்பதற்குப் போட்டியாளர் காரணமா, வரம்பு காரணமா என்பதை அறியாமல் ஏலத்தொகையை ஏற்றியிருக்கிறீர்கள்.

இருமுறைஎண்:

ஏலத்தொகையைக் கூட்டியதும் கிளிக் விகிதம் 6இலிருந்து 5 ஆனதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றவற்றை மேலே உள்ளவர்கள் நன்றாகவே விளக்கிவிட்டார்கள்.

விளம்பரம் எந்த இடத்திலும் மோசமாகாமலே மொத்த விகிதம் இறங்க முடியும். முன்பு கணினியில் 800 காட்சிகள், 56 கிளிக். கைபேசியில் 200 காட்சிகள், 4 கிளிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 7 சதவீதம், மற்றது 2 சதவீதம், மொத்தம் 1000க்கு 60, அதாவது 6 சதவீதம். தொகையைக் கூட்டிய பிறகு கணினியில் 1000 காட்சிகள், 80 கிளிக். கைபேசியில் 1500 காட்சிகள், 45 கிளிக். ஒன்று 8 சதவீதம், மற்றது 3 சதவீதம், இரண்டும் உயர்ந்திருக்கின்றன. மொத்தமோ 2500க்கு 125, அதாவது 5 சதவீதம். முன்பு நுழையவே முடியாதிருந்த ஏலங்களுக்குள் நீங்கள் நுழைந்திருக்கிறீர்கள், அங்கே கிளிக் இயல்பாகவே குறைவு, அவ்வளவுதான். சாதனவாரியாகவும், மேற்பகுதி, அடிப்பகுதி என்றும் பிரித்துப் பார்க்காமல் மொத்த எண்ணைப் பார்த்து வருந்தவோ மகிழவோ வேண்டாம்.

மேலாளருக்குச் சொல்ல வேண்டிய பதில்: ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும் கிளிக்குகளைச் செல்லாதவை என்று வடிகட்டிவிடுவார்கள், தப்பித்துக் கணக்கில் ஏறியவற்றுக்கு உங்கள் நிறுவனமே பணம் கட்டும், விதிமீறல் என்று கணக்குக்கே ஆபத்து வரலாம். இதைவிட அன்றாடம் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. 'நம் விளம்பரம் வருகிறதா பார்ப்போம்' என்று தேடிப் பார்த்துவிட்டுக் கிளிக் செய்யாமல் மூடிவிடுவது. அதுவும் ஒரு காட்சியாகப் பதிவாகும், கிளிக் இல்லாத காட்சியாக. அதற்கென்றே விளம்பர முன்னோட்டக் கருவி கணக்குக்குள் இருக்கிறது. அதில் பார்த்தால் காட்சி பதிவாகாது.

கடைவாசல்:

எல்லாரும் கிளிக் விகிதத்தை உயர்த்துவது நல்லது என்ற அடிப்படையிலேயே பேசுகிறீர்கள். சற்று மாறுபட அனுமதியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மென்பொருளுக்கு விளம்பரம் செய்தபோது, தலைப்பில் 'இலவசம்' என்ற சொல்லைச் சேர்த்தேன். இலவசமாக இருந்தது 14 நாள் சோதனைக் காலம் மட்டுமே. கிளிக் விகிதம் கண்முன்னே உயர்ந்தது, இடமும் உயர்ந்தது, எனக்குப் பாராட்டும் கிடைத்தது. இரண்டாம் மாதம் கணக்குப் பார்த்தபோது, பணம் கட்டிச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய மாதத்தைவிடக் குறைந்திருந்தது, செலவோ கூடியிருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் விலைப்பட்டியல் வரை வந்து திரும்பிப் போனவர்கள். நான் வாங்கியது கூட்டத்தை, வாடிக்கையாளரை அல்ல.

எண்ணாகப் பார்ப்போம். முதல் தலைப்புக்குக் கிளிக் 8 சதவீதம், வந்தவர்களில் வாங்குபவர் 1 சதவீதம். இரண்டாவது தலைப்பில் விலையையே எழுதிவிடுகிறீர்கள். கிளிக் 5 சதவீதம், வாங்குபவர் 3 சதவீதம். பத்தாயிரம் காட்சிகளுக்கு முதலாவது 800 கிளிக், 8 விற்பனை. இரண்டாவது 500 கிளிக், 15 விற்பனை. இரண்டாவது தலைப்பு ஏலத்தில் சற்றுப் பின்தங்கும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு கிளிக்கும் எனக்கு மூன்று மடங்கு மதிப்புள்ளது என்பதால், கூடுதல் தொகையை ஏலத்தில் சொல்லி அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க என்னால் முடியும். முதல் தலைப்பை வைத்திருப்பவரால் அது முடியாது.

ஏலக்கணக்கு:

கடைவாசல் சொல்வதில் எனக்கு முரண்பாடு இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஏலத்தில் தொகையும் கிளிக் வாய்ப்பும் என இரண்டு பெருக்கப்படுகின்றன. நீங்கள் சொல்லும் தொகை, ஒரு கிளிக் உங்களுக்கு எவ்வளவு பெறுமானம் என்பதிலிருந்து வருகிறது. அந்தப் பெறுமானம் வாங்குபவர் விகிதத்திலிருந்து வருகிறது. தானியங்கி ஏலமுறையில் ஒரு விற்பனைக்கான இலக்குச் செலவைக் கொடுத்துவிட்டால், வாங்கும் வாய்ப்புக் குறைந்த தேடல்களில் அமைப்பே தொகையைக் குறைத்துவிடும். ஆகவே வெறும் கூட்டத்தைச் சேர்க்கும் தலைப்பு, கிளிக் விகிதத்தால் ஏறிய படியைத் தொகையால் இறங்கிவிடும். இருந்தாலும், வாங்குபவர் விகிதம் மாறாமல் கிளிக் விகிதத்தை உயர்த்த இடம் இருக்கும்போது அதை விட்டுவிடுவது வீண்தான்.

வரவுசெலவு:

அனைவருக்கும் நன்றி. சொன்னபடி பிரித்துப் பார்த்தேன். சாதனவாரியாகப் பார்த்தால் கணினியில் விகிதம் இறங்கவே இல்லை. கைபேசிக் காட்சிகள்தான் பல மடங்காகியிருக்கின்றன. அடியில் நிற்பதற்குக் காரணமும் ஓரளவு தெரிந்தது: பல தேடல்களில் மேற்பகுதியில் ஒரே ஒரு விளம்பரம்தான் இருக்கிறது, எங்களுடையது அடியில் தனியாக நிற்கிறது. வரம்பை எட்டவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

உண்மையில் என்னை அதிர வைத்தது, தேடல் சொற்கள் அறிக்கை. எங்கள் கீவேர்டு பிராட் மேட்ச் முறையில் (தொடர்புள்ள மற்ற தேடல்களுக்கும் விளம்பரம் போகும் முறை) இருந்ததால், "இன்வாய்ஸ் மாதிரிப் படிவம்", "இன்வாய்ஸ் என்றால் என்ன" போன்ற தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் போயிருக்கிறது. படிவம் தேடுபவர் மென்பொருளை ஏன் கிளிக் செய்யப்போகிறார்? இவற்றை நெகட்டிவ் கீவேர்டுகளாக, அதாவது விளம்பரம் வரக் கூடாத தேடல்களாகச் சேர்க்கப் போகிறேன். ஒரே ஆட் குரூப்பில் 38 கீவேர்டுகள் ஒரே விளம்பரத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ஆறேழு குழுக்களாகப் பிரிக்கப் போகிறேன். இரண்டும் செய்தால் எதிர்பார்க்கப்படும் கிளிக் விகிதம் உயர்ந்து, விளம்பரம் மேலே வந்துவிடும் அல்லவா?

மேல்வரிசை:

இரண்டையும் செய்யுங்கள், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் காரணத்துக்காக அல்ல.

படிவம் தேடுபவர்களை விலக்கினால் அறிக்கையில் உள்ள கிளிக் விகிதம் உடனே உயரும், வீண்செலவும் குறையும். ஆனால் உங்கள் கீவேர்டின் குவாலிட்டி ஸ்கோர் கணக்கில் எடுக்கப்படுவது, அந்தக் கீவேர்டையே அப்படியே தேடியவர்களுக்கு விளம்பரம் காட்டப்பட்ட வரலாறு. மேட்ச் முறையை மாற்றினால் அது மாறாது என்று கூகுளே சொல்கிறது. "இன்வாய்ஸ் மென்பொருள்" என்று தேடியவர்கள் உங்களை நேற்று எப்படிப் பார்த்தார்களோ அப்படித்தான் நாளையும் பார்ப்பார்கள். படிவக்காரர்களை வெளியே அனுப்பியதால் அவர்கள் கண்ணில் உங்கள் விளம்பரம் அழகாகிவிடாது. நெகட்டிவ் கீவேர்டு சேர்த்த மறுவாரம் விகிதம் 6இலிருந்து 9 ஆகிவிட்டது, ஆனாலும் இடம் நகரவில்லை என்று நீங்கள் மீண்டும் குழம்பாமல் இருக்கவே இதைச் சொல்கிறேன்.

குழுப் பிரிப்பும் அப்படித்தான். அதே விளம்பரம், அதே பக்கம் என்று வைத்துக்கொண்டு கீவேர்டை ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் எதுவும் நடக்காது, ஏனென்றால் தேடுபவர் காண்பதில் எந்த மாற்றமும் இல்லை. பிரித்த பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் தனி விளம்பரம் எழுதினால்தான் பிரித்ததற்குப் பொருள் உண்டு. 38 கீவேர்டுகளுக்கும் பொதுவாக எழுதிய தலைப்பு என்ன? 'சிறு நிறுவனங்களுக்கான முழுமையான தீர்வு' என்பதுபோல் ஏதோ ஒன்றாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். இன்வாய்ஸ் மென்பொருள் தேடுபவர் அந்த வரியில் இன்வாய்ஸ் என்ற சொல்லைக்கூடக் காணமாட்டார். தலைப்புகளைக் கூகுளே மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டும் ரெஸ்பான்சிவ் விளம்பரத்தில் 15 தலைப்புகள் வரை தரலாம், ஒவ்வொன்றும் 30 எழுத்துகள் வரை. பெரும்பாலோர் ஒரே கருத்தைப் பதினைந்து விதமாக எழுதி நிரப்பிவிடுகிறார்கள். ஒன்றில் தேடிய சொல், ஒன்றில் அவர் செய்ய நினைக்கும் வேலை, ஒன்றில் விலை என்று வேறுவேறு கருத்துகளாக எழுதுங்கள்.

வரவுசெலவு:

ஏறக்குறைய அதே தலைப்புத்தான், வெட்கமாக இருக்கிறது. 'உங்கள் தொழிலுக்கான முழுத் தீர்வு' என்று இருந்தது.

இன்வாய்ஸ் குழுவுக்கு மட்டும் புதிதாக எழுதியிருக்கிறேன். ஒரு தலைப்பில் தேடிய சொல்லையே வைத்தேன். இன்னொன்றில், எங்கள் வாடிக்கையாளர்கள் உதவிக்கு அழைக்கும்போது அடிக்கடி சொல்வதைக் கேட்டு, 'நிலுவைக்கு நினைவூட்டல் தானாகப் போகும்' என்று எழுதினேன். மூன்றாவதில் மாதக் கட்டணத்தைப் போட்டேன். ஒன்பது நாட்களில் கணினியில் மட்டும் 400 காட்சிகள், 36 கிளிக். பழைய விளம்பரம் இதே அளவு காட்சிகளில் 28 கிளிக் வாங்கியிருந்தது. விகிதம் 7இலிருந்து 9 ஆகிவிட்டது. பழையதை நிறுத்திவிடலாமா?

இருமுறைஎண்:

இன்னும் வேண்டாம். 400 காட்சிகளில் 36 கிளிக் என்றால், உண்மையான விகிதம் ஏறக்குறைய 6 முதல் 12 சதவீதத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 28 கிளிக் வாங்கிய பழையதற்கு அந்த எல்லை நான்கரை முதல் ஒன்பதரை. இரண்டு எல்லைகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. எட்டுக் கிளிக் வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். தவிர, இரண்டும் ஒரே நாட்களில் அருகருகே ஓடினவா, பழையது பழைய ஏலத்தொகையில் ஓடியபோது எடுத்த எண்ணா? பழைய தொகையில் எடுத்தது என்றால் இரண்டும் நின்ற இடமே வேறு, ஒப்பீடே செல்லாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரம் காட்சிகளாவது சேரட்டும். அதுவரை ஏலத்தொகையைத் தொடாதீர்கள்.

வரவுசெலவு:

பழையது பழைய ஏலத்தொகையில் ஓடியபோது எடுத்ததுதான். இன்று காலை அதையும் மீண்டும் இயக்கி, இரண்டையும் ஒரே தொகையில் சேர்த்து ஓடவிட்டிருக்கிறேன். மேலாளரிடம் விளம்பர முன்னோட்டக் கருவியைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். இப்போது அதில்தான் தேடிப் பார்க்கிறார், ஒரு மணிக்கு ஒருமுறை.